கறுத்த பிறகா கண்டுபிடிப்பது?

2021 மே மாதம் தமிழ்ப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் ஒரு புதுச் சொல் வந்து உட்கார்ந்தது: கறுப்புப் பூஞ்சை. பெயரைக் கேட்டால் பூஞ்சையின் நிறம்தான் கறுப்பு என்று தோன்றும். அப்படி இல்லை. மியூகோரேல்ஸ் என்ற பிரிவைச் சேர்ந்த இந்தப் பூஞ்சைகள் பழைய ரொட்டியில் வெள்ளையும் சாம்பலுமாகப் பஞ்சு போலப் படர்பவை. மண்ணிலும் மக்கிய இலையிலும் காற்றிலும் எப்போதும் இருப்பவை. கறுப்பாக மாறுவது மனிதனின் சதை. பூஞ்சை ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துக்கொள்கிறது. ரத்தம் போகாமல் மூக்கின் உட்புறமும் மேலண்ணமும் கன்னமும் செத்துக் கறுத்துப் போகின்றன.

ஆக, அந்தப் பெயரே ஓர் ஒப்புதல் வாக்குமூலம். நோயைக் கண்டுபிடிக்கும் நேரத்தில் சதை ஏற்கெனவே செத்துவிட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. நோய்க்கு வைத்த பெயர் அல்ல அது, தாமதத்துக்கு வைத்த பெயர்.

மே 20ஆம் தேதி ஒன்றிய சுகாதார அமைச்சகம், இந்த நோயைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. தமிழ்நாடும் அப்படி அறிவித்தது. ஜூலை மாதம் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு: 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள், 4,300க்கும் மேற்பட்ட மரணங்கள். உயிர் பிழைத்தவர்களிலும் கண்ணைப் பறிகொடுத்தவர்கள், மேல்தாடையை இழந்தவர்கள் பலர்.

இதில் ஒரு கொடுமையான வேடிக்கை இருக்கிறது. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் ஏற்கெனவே மூக்கில் குச்சி விட்டுப் பி.சி.ஆர். சோதனை செய்துகொண்டவர்கள். வைரஸைத் தேட மூலக்கூறு அறிவியலின் நவீன ஆயுதம். அதே மூக்கில் வளர்ந்த பூஞ்சையைத் தேட? ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, ஒரு கண்ணாடித் தகடு, ஒரு நுண்ணோக்கி. பாட்டன் காலத்து முறை!

பி.சி.ஆர். எந்திரம் அந்த ஆஸ்பத்திரியில் இல்லையா? இருந்தது. இயக்கத் தெரிந்தவர் இல்லையா? இரவு பகலாக உட்கார்ந்து இயக்கிக்கொண்டிருந்தார். இல்லாமல் போனது பூஞ்சையையும் இதில் தேடலாம் என்ற எண்ணம் ஒன்றுதான்.

பழைய முறை போதாதா?

போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் பக்க நியாயத்தையும் பார்த்துவிடலாம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு முறை மலிவானது. சில நிமிடங்களில் முடிவு தெரியும். அனுபவமுள்ள கண் பார்த்தால், மியூகோரேல்ஸின் அகலமான, தடுப்புச் சுவர் அதிகமில்லாத இழைகளை அடையாளம் கண்டுவிடும். இந்த முறையைத் தூக்கிப் போடு என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

ஆனால் அதற்கு முதலில் சதை வேண்டும். மூக்கில் இருந்தால் எடுத்துவிடலாம். ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்து, தட்டணுக்கள் தரைமட்டத்துக்கு இறங்கிய ஒருவரின் நுரையீரல் ஆழத்தில் இருந்தால்? அங்கே ஊசி குத்தினால் ரத்தம் நிற்காது. பல நோயாளிகளில் பயாப்சி என்பது பாடப்புத்தகத்தில் மட்டுமே சாத்தியம்.

அடுத்தது கல்ச்சர். மியூகோரேல்ஸின் இழைகள் மென்மையானவை. ஆய்வகத்தில் திசுவை அரைக்கும்போதே செத்துவிடும். அதனால் நோய் இருப்பது உறுதியான மாதிரிகளிலும் ஏறக்குறைய பாதியில் கல்ச்சரில் எதுவும் வளர்வதில்லை.

சரி, ரத்தப் பரிசோதனை? ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைக்கு கேலக்டோமன்னன் என்ற சோதனை இருக்கிறது. வேறு பல பூஞ்சைகளுக்கு பீட்டா-டி-குளுக்கான் சோதனை இருக்கிறது. இரண்டுமே பூஞ்சையின் செல்சுவரிலிருந்து ரத்தத்தில் கசியும் பொருள்களைத் தேடுபவை. மியூகோரேல்ஸ் நோயில் இரண்டுமே கைகொடுப்பதில்லை. அதாவது, வழக்கமான ரத்தப் பரிசோதனைகளின் கண்ணில் இந்தப் பூஞ்சை படவே படாது. ரத்தத்தில் அதைப் பிடிக்க இருக்கும் ஒரே நம்பகமான வழி அதன் டி.என்.ஏ.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆஸ்பெர்ஜில்லஸும் மியூகோரேல்ஸும் ஒரே மாதிரி நுரையீரலையும் சைனஸையும் தாக்குபவை. ஸ்கேனில் பிரித்தறிவது கடினம். ஆனால் மருந்து வேறு. ஆஸ்பெர்ஜில்லஸுக்கு முதல் மருந்தான வோரிகோனசோல் மியூகோரேல்ஸை ஒன்றும் செய்யாது. தவறாக ஊகித்தால், நோயாளிக்கு மருந்து ஏறிக்கொண்டே இருக்கும், பூஞ்சையும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

தாமதத்தின் விலை என்ன என்பதும் தெரியாத விஷயமல்ல. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ரத்தப் புற்றுநோயோடு இந்தப் பூஞ்சையும் தாக்கிய 70 நோயாளிகளை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியானது. ஆம்போடெரிசின் மருந்தை 6 நாளோ அதற்கு மேலோ தாமதமாகத் தொடங்கியவர்களில் 12 வாரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 83 சதவீதம். அதற்கு முன்பே தொடங்கியவர்களில் சுமார் 49 சதவீதம். ஆறு நாள்! கல்ச்சர் தட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் சத்தமில்லாமல் ஓடிவிடும் கால அளவு.

டி.என்.ஏ. என்ன சொல்கிறது?

பூஞ்சை ரத்தக் குழாயைத் துளைக்கும்போது அதன் டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. சீரத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து, மியூகோரேல்ஸுக்கு மட்டுமே உரிய ஒரு மரபணுப் பகுதியைப் பல கோடி மடங்கு பெருக்கிப் பார்ப்பதுதான் பி.சி.ஆர். சில மணி நேர வேலை. ரத்தம் எடுப்பதைத் தவிர நோயாளிக்கு வேறு வலி இல்லை.

பிரான்ஸ் நாட்டில் இதைப் பொறுமையாகச் செய்து பார்த்தார்கள். நாடு தழுவிய பூஞ்சை நோய்க் கண்காணிப்பில் சிக்கிய 44 நோயாளிகளின் சேமித்து வைத்த சீரத்தைப் பின்னோக்கி ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். பத்தில் எட்டுப் பேருக்குச் சீரத்தில் டி.என்.ஏ. இருந்தது. வழக்கமான முறையில் நோய் உறுதியாவதற்குச் சராசரியாக 9 நாள் முன்பே இருந்தது.

பின்னோக்கிப் பார்ப்பது சுலபம் என்று யாராவது சொல்வார்கள் அல்லவா? அதனால் முன்னோக்கியும் பார்த்தார்கள். சந்தேகத்துக்குரிய 232 நோயாளிகளிடம் வாரம் இரண்டு முறை சீரம் எடுத்துச் சோதித்த பல மைய ஆய்வு 2022இல் வெளிவந்தது. நோய் உள்ளவர்களில் 85 சதவீதத்தினரைச் சோதனை பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. நோயைக் காட்டிய முதல் திசு மாதிரியை எடுப்பதற்கே 4 நாள் முன்னதாகப் பி.சி.ஆர். மணி அடித்திருந்தது. மருந்து தொடங்கி 7 நாளுக்குள் டி.என்.ஏ. மறைந்தவர்களில் இறப்பு வெகுவாகக் குறைவு. அதாவது, நோயைக் காட்டுவதோடு மருந்து வேலை செய்கிறதா என்பதையும் அதே சோதனை சொல்லிவிடுகிறது.

இந்த ஆய்வில் நோய் உறுதியான அல்லது பெரும்பாலும் உறுதியான நோயாளிகள் எத்தனை பேர் தெரியுமா? 27. அந்த 27 பேரை வைத்துக்கொண்டு பிரான்ஸ் ஓர் ஆயுதத்தை உருவாக்கியது. 45 ஆயிரம் பேரைப் பார்த்த நாடு, நிவாரணம் அறிவித்து, குப்பி பங்கிட்டு, அலை ஓய்ந்ததும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது. கொரோனாவுக்கு முன்பே இந்த நோய் வளர்ந்த நாடுகளைவிட இந்தியாவில் பல பத்து மடங்கு அதிகம் என்று சண்டிகரின் பூஞ்சையியலாளர்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். பத்து லட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 140 பேர் என்பது அவர்கள் தந்த மதிப்பீடு. காரணமும் ஊரறிந்தது: கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய்.

சாக்கு ஒன்று: தரப்படுத்தவில்லை

பூஞ்சைப் பி.சி.ஆர். பற்றி வாய் திறந்தால் வரும் முதல் பதில் இது. ஒரு காலத்தில் இதில் உண்மை இருந்தது. 1990களில் ஒவ்வோர் ஆய்வகமும் தனக்கென ஒரு சமையல் குறிப்பு வைத்திருந்தது. ஒன்று முழு ரத்தத்தில் தேடும், இன்னொன்று சீரத்தில் தேடும். முடிவுகளை ஒப்பிட வழியில்லை. அதனால்தான் 2008இல் வெளியான சர்வதேச வரையறைகள் பி.சி.ஆர். முடிவைச் சான்றாக ஏற்கவில்லை.

ஆனால் கடிகாரம் 2008லேயே நின்றுவிடவில்லை. ஐரோப்பிய ஆய்வகங்கள் 2006லிருந்தே ஒன்றுகூடி, ஒரே மாதிரிகளைப் பல இடங்களுக்கு அனுப்பிச் சோதித்தன. தெரிந்த உண்மை எளிமையானது. குழப்பம் பெருக்கும் படியில் இல்லை, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் படியில்தான் இருந்தது. பூஞ்சையின் செல்சுவர் கெட்டியானது, முழு ரத்தத்தில் தேடினால் நுண்மணிகளால் உடைக்க வேண்டும். எவ்வளவு அளவு மாதிரி எடுப்பது, எவ்வளவு திரவத்தில் கரைப்பது என்று விதிகள் வந்தன. அந்த விதிகளைப் பின்பற்றிய ஆய்வகங்களின் முடிவுகள் ஒத்துப்போயின. 2020இல் திருத்திய வரையறைகள் ஆஸ்பெர்ஜில்லஸ் பி.சி.ஆர்.ஐ முறையான சான்றாக ஏற்றுக்கொண்டன. அதன் பிறகும் "தரப்படுத்தவில்லை" என்பவர் அறிவியல் பேசவில்லை, பழைய நோட்டிலிருந்து ஒப்பிக்கிறார்.

சாக்கு இரண்டு: காற்றிலேயே பூஞ்சை இருக்கிறதே

இருக்கிறது. சோதனைக் குழாயைத் திறந்து வைத்தால் வித்து வந்து விழும். மூச்சுக் குழாயில் சும்மா தங்கியிருக்கும் பூஞ்சையும் நோய் இல்லாமலே பாசிட்டிவ் காட்டும். உண்மையான எச்சரிக்கைதான். ஆனால் இதே குறை கல்ச்சருக்கும் உண்டே? சளியில் ஆஸ்பெர்ஜில்லஸ் வளர்ந்தால் அது நோயா, விருந்தாளியா என்று அங்கேயும்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. கல்ச்சரை அதற்காக யாரும் ஒதுக்கி வைக்கவில்லை.

பதிலும் கைவசம் இருக்கிறது. ரத்தத்தில் ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது, தொடர்ந்து இரண்டு முறை வர வேண்டும் என்கின்றன 2020 வரையறைகள். 2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு ஆஸ்பெர்ஜில்லஸ் விஷயத்தில் இதைத் தெளிவாகக் காட்டியது. ஒற்றைச் சோதனை நோயுள்ளவர்களில் 88 சதவீதத்தினரைப் பிடிக்கிறது, அதனால் நெகட்டிவ் வந்தால் நோயைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். இரண்டு பாசிட்டிவ் வந்தால், தவறான எச்சரிக்கை பாதியாகக் குறைகிறது. கத்தியை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்த பிறகும், கத்தி வெட்டும் என்று பயந்து சமைக்காமல் இருப்பதா?

சாக்கு மூன்று: ஏழை நாட்டுக்குக் கட்டுப்படியாகாது

இதுதான் கேட்க மிகவும் நியாயமாகத் தெரியும் சாக்கு. அதனால் இதுதான் மிகவும் ஆபத்தானது.

2020 ஜனவரியில் இந்தியாவில் கொரோனாவுக்குப் பி.சி.ஆர். செய்த ஆய்வகம் ஒன்றே ஒன்று. புனேயின் தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம். 2021 நடுவில் அந்த எண்ணிக்கை 2,500ஐத் தாண்டியது. 2020 மார்ச்சில் தனியார் ஆய்வகங்களுக்கு வைத்த உச்ச வரம்பு 4,500 ரூபாய். 2021 ஆகஸ்டில் டெல்லியில் அது 500 ரூபாய். தேவை என்று முடிவு செய்தால் எந்திரமும் வருகிறது, ஆளும் வருகிறார், விலையும் இறங்குகிறது.

காசநோயிலும் இதுதான் நடந்தது. சளியை நுண்ணோக்கியில் பார்ப்பதே போதும் என்று நூறாண்டு ஓட்டிய பிறகு, 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஜீன் எக்ஸ்பெர்ட்டைப் பரிந்துரைத்தது. பிறகு கோவாவிலேயே தயாரான ட்ரூநாட் வந்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை போனது. காசநோய்க்குக் கட்டுப்படியாகிறது, கொரோனாவுக்குக் கட்டுப்படியாகிறது, பூஞ்சை என்றதும் மட்டும் நாடு ஏழையாகிவிடுகிறதா?

இன்னொரு பக்கக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். லைப்போசோமல் ஆம்போடெரிசின் ஒரு குப்பி 50 மில்லிகிராம், பல ஆயிரம் ரூபாய். எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால், 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 6 குப்பி. வாரக்கணக்கில் போட வேண்டும். 2021 மே மாதம் இந்தக் குப்பிக்காகச் சொந்தக்காரர்கள் ஊர் ஊராக அலைந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பாதி நாள் மருந்தின் விலைகூட ஆகாத ஒரு சோதனையைக் காட்டி, செலவு அதிகம் என்பது எந்த ஊர்ச் சிக்கனம்?

சாக்கு நான்கு: இங்கே செய்யத் தெரியாது

இதற்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. கண்ணுக்குள் பூஞ்சை புகுந்து பார்வையைப் பறிக்கும் எண்டாஃப்தால்மைட்டிஸ் நோயைப் பி.சி.ஆர். மூலம் கண்டறியும் ஆய்வை சங்கர நேத்ராலயாவின் ஆய்வுப் பிரிவு செய்து, ஆப்தால்மாலஜி என்ற சர்வதேச இதழில் 2001இலேயே வெளியிட்டது. கண்ணிலிருந்து எடுக்கும் ஒரு துளி நீரில், கல்ச்சருக்குப் பல நாள் பிடிக்கும் வேலையைப் பி.சி.ஆர். சுமார் ஒரு நாளில் முடித்தது. இருபது வருடம் கழித்துக் கறுப்புப் பூஞ்சை வந்தபோது இந்த மண்ணுக்கு இது புது வித்தை அல்ல. பயன்படுத்தாமல் வைத்திருந்த வித்தை.

மியூகோரேல்ஸ் மட்டுமா?

ஐ.சி.யூ.வில் ரத்தத்தில் பரவும் கேண்டிடாவை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தக் கல்ச்சர் இதில் சுமார் பாதிப் பேரைத் தவறவிடுகிறது, பிடிக்கும்போதும் இரண்டு மூன்று நாளாகிறது. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த அன்றே ஃப்ளூகோனசோல் தொடங்கியவர்களில் இறப்பு 15 சதவீதம். மறுநாள் தொடங்கியவர்களில் 24. அதற்கடுத்த நாள் 37. அதன் பிறகு 41. கல்ச்சர் வளரட்டும் என்று காத்திருப்பதன் பொருள் இந்த எண்களில் இருக்கிறது.

கேண்டிடா ஆரிஸ் கதை இன்னும் மோசம். 2009இல் ஜப்பானில் ஒருவரின் காதிலிருந்து எடுத்து விவரித்த பூஞ்சை இது. ஃப்ளூகோனசோலுக்குப் பெரும்பாலும் அடங்காது. ஆஸ்பத்திரிகளில் இருந்த தானியங்கி அடையாளக் கருவிகள் இதை கேண்டிடா ஹீமுலோனி என்றும் வேறு பெயர்களிலும் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தன. மரபணு வரிசையைப் படித்த பிறகுதான் முகமூடி கழன்றது. 2011-12இல் இந்தியாவின் 27 ஐ.சி.யூ.க்களில் சேகரித்த மாதிரிகளைப் பின்னர் இப்படிச் சரியாக அடையாளம் கண்டபோது, 19 இடங்களில் ஆரிஸ் இருந்தது தெரிந்தது. உலகம் அதன் பெயரைப் பரவலாகக் கேள்விப்படும் முன்பே, இங்கே வேறு பெயரில் அது உலவிக்கொண்டிருந்தது.

2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக முன்னுரிமைப் பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. உச்ச வரிசையில் ஆரிஸ், அடுத்த வரிசையில் மியூகோரேல்ஸ்.

எந்திர பக்தி அல்ல இது

பி.சி.ஆர். எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. எந்த மருந்துக்குப் பூஞ்சை அடங்கும் என்று முழுமையாகச் சொல்ல இன்னும் கல்ச்சர்தான் வேண்டும். பிரான்ஸ் ஆய்வுகளின் நோயாளிகளில் ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள் அதிகம். இந்தியச் சர்க்கரை நோயாளியின் சைனஸோடு நிற்கும் நோயில் ரத்தத்தில் டி.என்.ஏ. குறைவாகவே கசியலாம். அங்கே திசுவிலேயே தேட வேண்டியிருக்கும். இதையெல்லாம் இங்குள்ள நோயாளிகளிடம்தான் ஆராய்ந்து அறிய முடியும், பிரான்ஸிலிருந்து கடன் வாங்க முடியாது.

மலிவான வழி சிறப்பாக வேலை செய்யும் இடத்தில் அதுவே போதும். மூளைக்காய்ச்சல் தரும் கிரிப்டோகாக்கஸுக்குச் சில நிமிடங்களில் முடிவு சொல்லும் ஆன்டிஜென் பட்டை இருக்கிறது. அங்கே பி.சி.ஆர். வேண்டும் என்று அடம்பிடிப்பது முட்டாள்தனம். ஆனால் மியூகோரேல்ஸுக்கு அப்படிப் பரவலாகக் கைக்கு எட்டும் பட்டை எதுவும் இல்லை. இருப்பது டி.என்.ஏ.தான்.

கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கொரோனாவுக்காக வாங்கிய எந்திரங்கள் உள்ள ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரியிலும், ஆபத்தான நிலையிலுள்ள நோயாளிகளுக்கு வாரம் இருமுறை சீரத்தில் மியூகோரேல்ஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் பி.சி.ஆர். எடுத்த திசுவில் நுண்ணோக்கியோடு சேர்த்து அதே நாளில் பி.சி.ஆர். ஆய்வகங்கள் ஒன்றையொன்று சரிபார்க்க, மாதிரிகளைச் சுற்றுக்கு விடும் ஒரு திட்டம். முடிவுகளைத் தொகுத்து வெளியிட ஒரு பதிவேடு. இவற்றில் எதற்கும் புதுக் கட்டடம் வேண்டாம், அடிக்கல் நாட்டு விழா வேண்டாம். ஒருவேளை விழா இல்லாததுதான் பிரச்சினையோ என்னவோ.

சர்க்கரை நோய் குறையவில்லை. ஸ்டீராய்டுகளும் மாற்று உறுப்பு அறுவைகளும் கீமோதெரபியும் பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன. அடுத்த அலைக்கு வைரஸ்கூடத் தேவையில்லை. இன்றைக்கும் ஏதோ ஒரு வார்டில் யாரோ ஒருவருக்குக் கன்னம் மரத்துப் போகிறது, ஒரு கண் வீங்குகிறது. அவருடைய சீரத்தில் இருக்கும் டி.என்.ஏ.வைத் தேடும் எந்திரம் அதே கட்டடத்தில் உறைபோட்டு மூடிக் கிடந்தால், அவர் கண்ணை எடுத்தது பூஞ்சை மட்டும் என்று எழுதி ஃபைலை மூடிவிட முடியாது.